‘மற்றவர்’ பட்டியலில் ஒரு கட்சி

2001ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் தேதி, பெல்ஃபாஸ்ட் நகரின் கிழக்கு விளிம்பில் மேட்டின் மேல் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஸ்டோர்மான்ட் சட்டமன்றத்தில், டேவிட் ஃபோர்டு, ஐலீன் பெல், ஷான் நீசன் என்ற மூன்று உறுப்பினர்கள் தங்களை ‘ஒன்றியவாதிகள்’ என்று பதிவேட்டில் மாற்றி எழுதிக்கொண்டார்கள். மூவரும் அலையன்ஸ் கட்சியினர். வட அயர்லாந்தில் பிறந்த ஒருவர் பிரித்தானியாவோடு இருக்க விரும்பும் ஒன்றியவாதியாகவோ, அயர்லாந்தோடு இணைய விரும்பும் தேசியவாதியாகவோ இருந்துதான் ஆக வேண்டும் என்பதை மறுப்பதற்காகவே 31 ஆண்டுகளுக்கு முன் தொடங்கப்பட்ட கட்சி அது. அக்கட்சியின் அப்போதைய தலைவர் ஃபோர்டு. முன்னாள் தலைவர் நீசன். அவைத்தலைவர் நாற்காலியில் இருந்த ஜான் ஆல்டர்டைஸோ அவர்களுக்கும் முந்தைய தலைவர். இப்படிப்பட்டவர்கள் நிறைந்த அவையில் அக்கட்சி தன் பெயரையே ஒரு நாளைக்குக் கழற்றி வைக்க நேர்ந்தது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், இந்த மண்ணின் அரசியலில் பாதி புரிந்துவிடும்.

நான்கு நாள்களுக்கு முன், நவம்பர் 2ஆம் தேதி, ஒன்றியவாதியான டேவிட் ட்ரிம்பிளை முதலமைச்சராகவும் தேசியவாதியான மார்க் டர்க்கனைத் துணை முதலமைச்சராகவும் தேர்ந்தெடுப்பதற்கான வாக்கெடுப்பு நடந்தது. அவையில் தெளிவான பெரும்பான்மை அவர்களுக்கு ஆதரவாக இருந்தது. தேசியவாதிகள் ஒருவர் தவறாமல் ஆதரித்தார்கள். ஆனாலும் ட்ரிம்பிளும் டர்க்கனும் தோற்றுப்போனார்கள். காரணம், மொத்தப் பெரும்பான்மை போதாது. ஒன்றியவாதிகளுக்குள் தனியாக ஒரு பெரும்பான்மை, தேசியவாதிகளுக்குள் தனியாக ஒரு பெரும்பான்மை என இரண்டும் வேண்டும் என்பது விதி. ட்ரிம்பிளின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த இருவர் எதிர்த்து வாக்களித்ததால் ஒன்றியவாதிகளின் கணக்கு இடித்தது. பெண்கள் கூட்டணி என்ற சிறு கட்சியின் இரண்டு உறுப்பினர்கள் அன்றே ஒருவர் ஒன்றியவாதியாகவும் மற்றவர் தேசியவாதியாகவும் பெயர் மாற்றிக்கொண்டு பார்த்தும் கணக்கு நேராகவில்லை. அலையன்ஸ் கட்சியின் வாக்குகளோ, இரு முகாம்களையும் சேராதவர்களுக்கான ‘மற்றவர்’ பட்டியலில் கிடந்தன. மொத்தக் கூட்டலில் அவை சேரும். எந்தத் தனிக் கூட்டலிலும் சேரா. ஆட்சி கவிழாமல் காக்க வேண்டுமானால் அந்த மூவரும் தாங்கள் அல்லாத ஒன்றாக ஆக வேண்டியிருந்தது. ஆனார்கள். ட்ரிம்பிளும் டர்க்கனும் பதவியேற்றார்கள். மூவரும் பிறகு பழையபடி ‘மற்றவர்’ ஆனார்கள்.

எதிரிகள் இதைக் கேலிக்கூத்து என்றார்கள். கேலிக்கூத்துதான், ஆனால் கேலிக்கு உரியவர்கள் அந்த மூவர் அல்லர் என்பது என் கருத்து.

நான் சில ஆண்டுகளாகக் கிழக்கு பெல்ஃபாஸ்டில் குடியிருக்கிறேன். இந்தியக் குடிமகன்தான், ஆனால் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் ஐக்கிய இராச்சியத்தில் உரிய அனுமதியோடு வசித்தால் எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம் என்பதால், எனக்கும் ஒரு வாக்கு உண்டு. ஊரை விட்டு வந்த ஒருவனுக்கு இந்த நாட்டின் பிளவு முதலில் கண்ணில் படுவது தெருச் சுவர்களிலோ கொடிக்கம்பங்களிலோ என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். எனக்குப் பட்டது வேலைக்கு விண்ணப்பித்தபோது இணைத்துத் தரப்பட்ட ஒரு படிவத்தில். ‘நான் புராட்டஸ்டன்ட் சமூகத்தைச் சேர்ந்தவர்’, ‘நான் ரோமன் கத்தோலிக்கச் சமூகத்தைச் சேர்ந்தவர்’, ‘இரண்டையும் சேராதவர்’ என்று மூன்று கட்டங்கள். மதம் கடைப்பிடிக்கிறீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல, எந்தச் சமூகப் பின்னணி என்பதே கேள்வி என்று மேலே ஒரு விளக்கம் வேறு. ஒன்றியவாதிகள் பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள், தேசியவாதிகள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். பதில் தராவிட்டால், படித்த பள்ளி போன்ற மற்றத் தகவல்களைக் கொண்டு நிறுவனமே ஒரு முடிவுக்கு வரவும் சட்டம் இடம் தருகிறது. பாளையங்கோட்டையில் சேசு சபையினர் நடத்தும் பள்ளியில் படித்த இந்து நான். கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தால் என்னைக் கத்தோலிக்கன் என்று எழுதியிருப்பார்களோ என்னவோ. சாதிச் சான்றிதழோடு கல்லூரிக்கும் வேலைக்கும் வரிசையில் நின்று வளர்ந்த தலைமுறைக்கு இப்படிப்பட்ட படிவம் அதிர்ச்சி தராது. எண்ணிப் பார்க்காமல் அநீதியைச் சரி செய்ய முடியாது என்பது நமக்குப் பழகிய வாதம்.

அந்தப் படிவத்துக்குப் பின்னாலும் அலையன்ஸ் கட்சியின் நிழல் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அதற்குக் கட்சி பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

1921இல் உருவான வட அயர்லாந்தை 1972 வரை ஒரே கட்சி, ஒன்றியவாதிகளின் கட்சி, இடைவெளியின்றி ஆண்டது. தேர்தல் நடக்காமல் இல்லை, நடந்தது. வாக்கு எண்ணிக்கையில் முறைகேடு என்றும் பொதுவாகச் சொல்ல முடியாது. பெரும்பான்மை எப்போதும் ஒரே பக்கம் இருக்கும் நாட்டில் பெரும்பான்மை ஆட்சி என்பது நிரந்தர ஆட்சியாகிவிடுகிறது என்பதே சங்கதி. உள்ளாட்சித் தேர்தலில் வரி செலுத்தும் குடித்தனக்காரர்களுக்கே வாக்கு; டெர்ரி நகரத்தில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக இருந்தும் வட்டங்களின் எல்லைகள் வரையப்பட்ட விதத்தால் நகரமன்றம் ஒன்றியவாதிகளின் கையிலேயே இருந்தது; வீடு ஒதுக்கீட்டிலும் வேலைவாய்ப்பிலும் பாகுபாடு வெளிப்படையாகவே நடந்தது. 1960களின் இறுதியில் குடிமை உரிமை இயக்கம் தெருவுக்கு வந்தது. 1969 ஆகஸ்டில் கலவரம் மூண்டு பிரித்தானிய இராணுவமும் தெருவுக்கு வந்தது. அந்தச் சூட்டில், 1970 ஏப்ரல் 21ஆம் தேதி, அலையன்ஸ் கட்சி தொடங்கப்பட்டது. முன்னணியில் நின்ற இருவர்: கத்தோலிக்கரான வழக்கறிஞர் ஆலிவர் நேப்பியர், புராட்டஸ்டன்டான பாப் கூப்பர்.

தொடக்கத்தில் அக்கட்சி நடுநிலை வகித்தது என்று எண்ணுவது தவறு. பிரித்தானியாவோடு இணைந்திருப்பதே பொருளாதார நலனுக்கு உகந்தது, பெரும்பான்மையோர் விரும்பும்வரை அது தொடர வேண்டும் என்பதே அதன் முதல் கொள்கை அறிக்கையின் நிலைப்பாடு. அந்த ஒன்றியத்தில் கத்தோலிக்கர்கள் இரண்டாந்தரக் குடிமக்களாக இருக்கக் கூடாது, ஆட்சியில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது அதோடு சேர்ந்த கோரிக்கை. பின்னாளில்தான் இறையாண்மைக் கேள்வியில் எந்தப் பக்கமும் சாயாத கட்சியாக அது மாறியது. 1973இல் முதன்முறையாக உள்ளாட்சித் தேர்தலில் நின்றபோது 13.7 சதவீத வாக்குப் பெற்றது. குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த ஆண்டில் ஏழில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான மக்கள் இரு முகாம்களையும் விட்டு வந்தார்கள் என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

அதன் பலனாக, 1974 ஜனவரியில் சன்னிங்டேல் உடன்படிக்கையின்படி இரு முகாம்களும் சேர்ந்து ஆளும்படி அமைந்த முதல் அதிகாரப் பகிர்வு ஆட்சியில் நேப்பியருக்கும் கூப்பருக்கும் பொறுப்புகள் கிடைத்தன. சட்டச் சீர்திருத்தம் ஒருவருக்கு, தொழிலாளர் துறை மற்றவருக்கு. ஆட்சி ஐந்து மாதம்கூட நீடிக்கவில்லை. ஒன்றியவாதத் தொழிலாளர் குழு ஒன்று மே மாதம் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்து, மின்நிலையங்களின் உற்பத்தியைக் குறைத்து, சாலைகளை மறித்து, மே 28ஆம் தேதி அந்த ஆட்சியைக் கவிழ்த்தது. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு லண்டனின் நேரடி ஆட்சி.

பாப் கூப்பர் கட்சி அரசியலை விட்டு விலகி, 1976இல் நிறுவப்பட்ட நியாயமான வேலைவாய்ப்பு முகமையின் தலைவரானார். அதைத் தொடர்ந்து 1990இல் உருவான ஆணையத்துக்கும் 1999 வரை அவரே தலைவர். தொழிலாளர்களின் சமூகப் பின்னணியை எண்ண வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது அவருடைய அலுவலகம்தான். நான் நிரப்பிய படிவம் அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளை. முகாம்களை மறுக்கும் கட்சியை நிறுவியவர்களில் ஒருவர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை முகாம்களை எண்ணுவதில் செலவழித்தார். முரண்பாடு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கத்தோலிக்கர்கள் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று எண்ணாமல், அவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்ற உண்மையை நிறுவ முடியாது. எண்ணியதால் வேலைவாய்ப்பு ஏற்றத்தாழ்வு பெருமளவு குறைந்தது. அந்தப் படிவம் விண்ணப்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, நேர்காணல் செய்பவர் கண்ணில் படாமல் வைக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். என்னைக் கத்தோலிக்கன் என்றோ புராட்டஸ்டன்ட் என்றோ எண்ணுவதால் என் உழைப்பின் மதிப்பு கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

சட்டமன்றத்தில் நடப்பது வேறு. அங்கே எண்ணிக்கை மதிப்பையே மாற்றுகிறது.

1998 ஏப்ரல் 10ஆம் தேதி கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தம், மே 22ஆம் தேதி வாக்கெடுப்பில் 71 சதவீத ஆதரவு பெற்றது. 3,500க்கும் மேற்பட்டோரைப் பலி கொண்ட முப்பது ஆண்டுப் போரை முடித்த ஆவணம். அதைக் குறை சொல்லும் எவரும் முதலில் அந்த எண்ணை மனத்தில் நிறுத்த வேண்டும். 1972 வரையிலான அனுபவத்துக்குப் பிறகு வெறும் பெரும்பான்மை ஆட்சிக்குத் திரும்ப எந்தத் தேசியவாதியும் ஒப்பமாட்டார். ஆகவே, உறுப்பினர் ஒவ்வொருவரும் ‘ஒன்றியவாதி’, ‘தேசியவாதி’, ‘மற்றவர்’ என்று அவையின் பதிவேட்டில் எழுத வேண்டும். முக்கிய முடிவுகளுக்கு இரு முகாம்களின் ஒப்புதலும் வேண்டும் என்று விதி வந்தது. ஒன்று, மொத்தத்தில் பெரும்பான்மையோடு இரு முகாம்களிலும் தனித்தனிப் பெரும்பான்மை. அல்லது மொத்தத்தில் 60 சதவீதமும் ஒவ்வொரு முகாமிலும் குறைந்தது 40 சதவீதமும். இரண்டு வழிகளிலும் ‘மற்றவர்’ வாக்கு அரை வாக்கு. அதிகாரப் பகிர்வு என்ற எண்ணத்தை 1970களிலிருந்தே சுமந்து வந்த கட்சிக்கு, அந்த எண்ணம் சட்டமானபோது கிடைத்த இடம் இது.

தேர்தல் முறையும் அக்கட்சியோடு இருவிதமாக விளையாடுகிறது. லண்டன் நாடாளுமன்றத் தேர்தல் நம் ஊர் முறைதான். அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி. 1979இல் கிழக்கு பெல்ஃபாஸ்டில் பீட்டர் ராபின்சன் 64 வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது மூன்றாம் இடத்தில் இருந்த நேப்பியர் அவரைவிட 928 வாக்குகளே குறைவு. அதே ராபின்சன் முதலமைச்சராக இருக்கும்போதே 2010இல் அதே தொகுதியில் நவோமி லாங்கிடம் 1,533 வாக்குகளில் தோற்றார். பொறியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர் லாங். அதே கிழக்கு பெல்ஃபாஸ்டில் பிறந்து வளர்ந்தவர். அந்த வெற்றியில் அவர் பெற்றது 37.2 சதவீதம். ஐந்து ஆண்டு கழித்து 2015இல் அவர் பெற்றது 42.8 சதவீதம், ஆனால் தோற்றுப்போனார். மற்ற ஒன்றியவாதக் கட்சிகள் வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கிக்கொண்டு ஒரே பெயருக்கு வழிவிட்டன. முகாம் கூடிவிட்டால் நடுவில் நிற்பவருக்கு இடமில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கணக்கும் சொல்லாது.

சட்டமன்றத் தேர்தலோ விருப்ப வரிசை முறை. வாக்குச்சீட்டில் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று எண் இட வேண்டும். முதல் விருப்பம் தோற்றால் சீட்டு இரண்டாவது விருப்பத்துக்குப் போகும். இரு முகாம்களின் மிதவாதிகளும் எதிர் முகாமுக்கு எண் போடத் தயங்குவார்கள். அலையன்ஸுக்கு மூன்றோ நான்கோ போடத் தயங்கமாட்டார்கள். 2003இல் அக்கட்சிக்குக் கிடைத்த முதல் விருப்ப வாக்கு வெறும் 3.7 சதவீதம். முந்தைய தேர்தலில் பெற்ற ஆறு இடங்களையும் அது தக்கவைத்துக்கொண்டது இப்படிப் பக்கத்து வீட்டு மொய்ப்பணம் போல வந்து சேர்ந்த வாக்குகளால்தான். 2022 மே மாதம் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிச் சீட்டு வாங்கி, பென்சிலோடு தடுப்புக்குள் நின்றபோது, உதயசூரியனா இரட்டை இலையா என்று ஒரே குத்தில் முடித்துப் பழகிய எனக்கு, வேண்டாத கட்சிகளையும் எது கொஞ்சம் குறைவாக வேண்டாதது என்று வரிசைப்படுத்த வேண்டியிருந்தது. அரசியலைப் பற்றி நான் அதிகமாகச் சிந்தித்த நிமிடங்கள் அவையாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் 2012ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நடுவில் நிற்பது என்றால் நிலைப்பாடு எடுக்காமல் நழுவுவது என்று நினைப்பவர்களுக்கு அந்தக் குளிர்காலமே பதில்.

பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் மேல் பிரித்தானியக் கொடி 1906இலிருந்து ஆண்டு முழுவதும் பறந்தது. 2011 தேர்தலில் நகரமன்றத்தில் எந்த முகாமுக்கும் பெரும்பான்மை இல்லாமல் போக, ஆறு உறுப்பினர்கள் கொண்ட அலையன்ஸ் தராசின் முள்ளானது. கொடியை முற்றாக இறக்க வேண்டும் என்பது தேசியவாதிகளின் தீர்மானம். எல்லா நாளும் பறக்க வேண்டும் என்பது ஒன்றியவாதிகளின் பிடிவாதம். அரசு குறிப்பிட்ட முக்கிய நாள்களில் மட்டும், அதாவது ஆண்டுக்குப் பதினெட்டு நாள் வரை ஏற்றலாம் என்று அலையன்ஸ் திருத்தம் கொண்டுவந்தது. இது புதிதாகக் கண்டுபிடித்த சமரசம் அன்று; ஸ்டோர்மான்ட் கட்டடத்தின் மேலேயே அப்போது அந்த நடைமுறைதான் இருந்தது. தேசியவாதிகள் இறங்கி வந்து அதை ஏற்றார்கள். 2012 டிசம்பர் 3ஆம் தேதி 29க்கு 21 என்று தீர்மானம் நிறைவேறியது.

அதற்கு முன்பே இரு பெரிய ஒன்றியவாதக் கட்சிகள், அலையன்ஸின் மஞ்சள் நிறத்திலேயே அச்சடித்த 40,000 துண்டறிக்கைகளைக் கிழக்கு பெல்ஃபாஸ்டில் வீடு வீடாகப் போட்டிருந்தன. கொடியை இறக்கப் போவது அலையன்ஸ்தான் என்பது செய்தி. கொடியை முழுவதும் இறக்கச் சொன்னவர்களைக் குறிவைக்காமல், சில நாளாவது பறக்கட்டும் என்று சொன்னவர்களைக் குறிவைத்ததில் ஒரு தெளிவான அரசியல் கணக்கு இருந்தது: இழந்த நாடாளுமன்ற இடத்தை மீட்க வேண்டும். வாக்கெடுப்பு முடிந்த இரண்டே நாளில் கேரிக்ஃபெர்கஸில் கட்சி அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. உறுப்பினர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. லாங்குக்குக் கொலை மிரட்டல் வந்தது. டிசம்பர் 10ஆம் தேதி இரவு அவருடைய அலுவலகத்துக்குக் காவலாக நின்ற போலீஸ் காரின் கண்ணாடியை உடைத்து, உள்ளே பெண் காவலர் ஒருவர் இருக்கும்போதே பெட்ரோல் குண்டை வீசினார்கள். அவர் உயிர் தப்பினார். அந்த அலுவலகம் இருந்த சாலையில் நான் அடிக்கடி பேருந்தில் போகிறேன். கடைகளும் தேவாலயமும் முடிதிருத்தகமுமாகச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. கட்சி தன் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. குறிப்பிட்ட நாள்களில் மட்டும் என்பதே இன்றும் நடைமுறை. இப்போது அதைப் பற்றி எவரும் பேசுவதுகூட இல்லை.

பிறகு அலை திரும்பியதற்குப் பெரிய காரணம், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பு. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் வெளியேற வேண்டாம் என்றார்கள். அவர்களில் கணிசமானோர் ஒன்றியவாதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். தங்கள் முகாமின் பெரிய கட்சி வெளியேற வேண்டும் என்று நின்றபோது அவர்களுக்குப் போக்கிடம் தேவைப்பட்டது. இதோடு, 2017 ஜனவரியில் கவிழ்ந்த ஆட்சி மூன்று ஆண்டு மீண்டும் அமையாமல் கிடந்த சலிப்பும் சேர்ந்தது. 2019 மே மாத ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லாங் 18.5 சதவீத முதல் விருப்ப வாக்குகளோடு வென்றார். 2022 சட்டமன்றத் தேர்தலில் அலையன்ஸ் எட்டு இடங்களிலிருந்து பதினேழுக்குத் தாவியது. 27 இடங்கள் பெற்ற தேசியவாதக் கட்சியான சின் ஃபெயினுக்கும் 25 பெற்ற ஜனநாயக ஒன்றியக் கட்சிக்கும் அடுத்து மூன்றாம் கட்சி. ஆனால் அந்தத் தேர்தலுக்குப் பிறகும் ஏறத்தாழ ஈராண்டு ஆட்சி அமையவில்லை. ஜனநாயக ஒன்றியக் கட்சி வர மறுத்தது. முதலமைச்சரும் துணை முதலமைச்சரும் சேர்ந்தேதான் பதவியில் இருக்க முடியும் என்பதால் ஒரு கட்சி மறுத்தால் கடை மூடிவிடும். பதினேழு உறுப்பினர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை இழந்து, கூட்டமில்லா அவைக்கு வெளியே காத்திருந்தார்கள்.

அலையன்ஸை விமர்சிக்க நிறைய இருக்கிறது. அது பெல்ஃபாஸ்டைச் சுற்றியுள்ள வசதியான புறநகர்களின் கட்சி. நார்த் டவுன், லகான் வேலி, தெற்கு பெல்ஃபாஸ்ட் என்று தோட்டம் வைத்த வீடுகள் உள்ள இடங்களில் அதற்கு இரண்டிரண்டு உறுப்பினர்கள். ஃபாய்ல், மேற்கு டைரோன், மத்திய அல்ஸ்டர் போன்ற மேற்குத் தொகுதிகளில் ஒருவர்கூட இல்லை. இரு சமூகங்களின் குடியிருப்புகளையும் பிரிக்கும் சமாதானச் சுவர்களுக்கு அருகில், கல்லெறியும் பட்டாசும் வந்து விழும் தெருக்களில் வாழ்பவர்களுக்கு ‘இரண்டும் வேண்டாம்’ என்று சொல்வது எளிதன்று. அந்த வசதி இல்லாதவர்களை அக்கட்சி சில சமயம் மேலிருந்து பார்ப்பது போலப் பேசுகிறது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. என் அலுவலகத் தோழர் ஒருவர், மேற்கு பெல்ஃபாஸ்டுக்காரர், அலையன்ஸுக்கு வாக்களிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து ‘நாம் எவ்வளவு நல்லவர்கள்’ என்று தலையாட்டிக்கொள்பவர்கள் என்பார். அவரே தேர்தலில் அக்கட்சிக்கு மூன்றாம் எண் போடுபவரும்கூட.

இதைவிடக் கனமான கேள்வி, எல்லையைப் பற்றியது. ஐரிஷ் ஒற்றுமைக்கான வாக்கெடுப்பு என்றாவது நடந்தால் அக்கட்சி என்ன சொல்லும்? ஹாங்காங்கில் பிறந்து 2007இல் தெற்கு பெல்ஃபாஸ்டிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வான அன்னா லோ, 2014இல் ஐரோப்பியத் தேர்தல் வேட்பாளராக இருந்தபோது, ஒன்றுபட்ட அயர்லாந்தைத் தாம் விரும்புவதாக வெளிப்படையாகச் சொன்னார். கட்சி முடிந்துபோனது என்று பலர் எழுதினார்கள். அந்தத் தேர்தலில் அவர் பெற்ற 7.1 சதவீதம், ஐரோப்பியத் தேர்தலில் அக்கட்சி அதுவரை பெற்றவற்றில் மிக அதிகம். 2024 கோடையில் என் வீட்டுக் கதவைத் தட்டிய கட்சித் தொண்டர் பெண்மணியிடம் நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். தமக்குப் பிரித்தானியாவோடு இருப்பதே பிடிக்கும் என்றும், வாயிற்கதவருகே துண்டறிக்கைக் கட்டோடு நின்ற தோழர் அதற்கு நேர் எதிர் என்றும், அதனால் கட்சிக்கு ஒரு பதில் கிடையாது என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். நேர்மையான பதில். ஆனால் வாக்கெடுப்புத் தேதி குறிக்கப்பட்ட மறுநாளே அந்தப் பதில் போதாமல் போகும் என்றும் நினைக்கிறேன். உறுப்பினர்கள் தத்தம் மனப்படி நடக்கலாம் என்று அறிவித்துவிட்டு, எந்த விளைவு வந்தாலும் தோற்ற பக்கத்தின் உரிமைகளுக்கு என்ன உத்தரவாதம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் அக்கட்சி செய்யக்கூடிய உருப்படியான வேலை. அதை இன்றே தொடங்கலாம். தொடங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

அக்கட்சிக்கு என் முதல் எண்ணைத் தரக் காரணம் கொடியும் இல்லை, எல்லையும் இல்லை; பள்ளிக்கூடம். இங்கே பெரும்பாலான குழந்தைகள் இன்றும் கத்தோலிக்கப் பள்ளியிலோ, நடைமுறையில் புராட்டஸ்டன்ட் பள்ளியாக இருக்கும் அரசுப் பள்ளியிலோதான் படிக்கிறார்கள். 1981இல் பெற்றோர் சிலர் சேர்ந்து 28 மாணவர்களோடு லகான் கல்லூரி என்ற முதல் ஒருங்கிணைந்த பள்ளியைத் தொடங்கினார்கள். நாற்பதாண்டு கழிந்தும் அத்தகைய பள்ளிகளில் படிப்போர் பத்தில் ஒருவரை எட்டவில்லை. அவற்றுக்கு அரசு ஆதரவளிக்க வேண்டும் என்று கடமையாக்கும் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து நிறைவேற்றியவர் அலையன்ஸ் உறுப்பினர் கெல்லி ஆம்ஸ்ட்ராங். புராட்டஸ்டன்டும் இல்லாத, கத்தோலிக்கரும் இல்லாத வீட்டுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சட்டம் வெறும் கொள்கைப் பேச்சாக இருக்கவில்லை.

அவை விதிக்கு வருகிறேன். 2024 பிப்ரவரி 3ஆம் தேதி ஆட்சி மீண்டும் அமைந்தபோது லாங் மறுபடியும் நீதித்துறை அமைச்சரானார். மற்ற அமைச்சுகள் கட்சிகளின் இடங்களுக்கு ஏற்ற சூத்திரப்படி பகிரப்படும். நீதித்துறைக்கு மட்டும் இரு முகாம்களின் ஒப்புதலோடு வாக்கெடுப்பு. காவல்துறையும் நீதிமன்றமும் எதிர் முகாமின் கைக்குப் போவதை இரு பக்கமும் விரும்பாததால் 2010இல் டேவிட் ஃபோர்டு முதல் பெரும்பாலும் அது அலையன்ஸிடமே வருகிறது. நம்பகமானவர்கள் என்று இரு முகாம்களும் ஒப்புக்கொண்டு மிகச் சிக்கலான துறையைக் கொடுப்பவர்களின் வாக்குதான், மற்ற நாள்களில் அரை வாக்கு. முதலமைச்சர் பதவியைப் பற்றிய விதியும் அப்படியே. அவையில் மிகப் பெரிய கட்சியானால் அலையன்ஸ் முதலமைச்சரை நியமிக்கலாம். இரண்டாவது பெரிய கட்சியானால், ‘மற்றவர்’ பிரிவு மூன்றாம் பிரிவாக இருக்கும்வரை, துணை முதலமைச்சர் பதவி அதைத் தாண்டி அடுத்த முகாமின் கட்சிக்குப் போய்விடும்.

முகாம்களை நீக்கிவிட்டு, முக்கிய முடிவுகளுக்கு அவையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும் என்று வைப்பது அக்கட்சி நெடுங்காலமாக முன்வைக்கும் மாற்று. எந்த ஒரு முகாமும் தனியாக அந்த அளவை எட்ட முடியாது என்பதால் 1972க்கு முந்தைய நிலைக்கு வழி திறக்காது. ஒரு கட்சி மட்டும் மறுத்து அவையை மூடவும் முடியாது. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 1998இல் இந்த விதி இல்லாமல் உடன்படிக்கையே இல்லை என்பதையும், இன்று அந்த விதி முகாம்களைக் காப்பதற்கு மட்டும் பயன்படுகிறது என்பதையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளலாம். 2022இல் லண்டன் ஒரு சிறு திருத்தம் செய்தது: தீர்மானங்களைத் தடுக்கும் முப்பது கையெழுத்து மனுவுக்கு இனி இரண்டு கட்சிகளாவது சேர வேண்டும். அதற்கு மேல் கை வைக்கும் அதிகாரமும் லண்டன் நாடாளுமன்றத்துக்கு உண்டு. இரு பெரிய கட்சிகளும் தலையசைக்காமல் அது கை வைக்காது. அவ்விரு கட்சிகளும் இந்த விதியால் அதிகம் பயன் பெறுபவை. 2027 மே மாதம் அடுத்த சட்டமன்றத் தேர்தல் வரவேண்டும். அதற்குள் விதி மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை; அலையன்ஸுக்குப் பதினேழு இடங்களோ இருபதோ கிடைத்தாலும், அவர்கள் முதல் நாள் பதிவேட்டில் ‘மற்றவர்’ என்றுதான் மறுபடியும் எழுத வேண்டியிருக்கும்.